இரும்பு விண்கல் வாங்கும் முன் அதன் விளிம்பைப் பாருங்கள்

இரும்பு விண்கல் சேர்ப்பவர்களில் பலர், முதலில் கேட்க வேண்டிய கேள்வியைப் பணம் கொடுத்த பிறகுதான் கேட்கிறார்கள். உலோகத்தை அறுத்து, தேய்த்து, அமிலத்தில் காட்டி, நுண்ணோக்கியில் பார்ப்பது என் தொழில். அதனால் விண்கல் துண்டுகளும் அவ்வப்போது என் மேஜைக்கு வரும். "இது அசலா?" என்று கேட்பவர் துண்டின் பளபளப்பான முகத்தை என் பக்கம் நீட்டுவார். நான் அதைத் திருப்பி விளிம்பைப் பார்ப்பேன்.

தேய்த்த முகத்தில் அமிலம் பட்டதும் குறுக்கும் நெடுக்குமாகக் கோலம்போலத் தெரியும் பட்டைகள் துண்டுக்குள் ஊடுருவி நிற்கும் உலோகத் தட்டுகள். நம் கண்ணுக்குப் படுவது அவற்றின் வெட்டுமுகம் மட்டும். இதைப் புரிந்துகொண்டால் போலியைப் பிரிப்பது, ரகம் பார்ப்பது, வாங்கியதைக் கெடுக்காமல் வைத்திருப்பது என்று மற்றதெல்லாம் தானாகவே விளங்கிவிடும்.

சூரியக் குடும்பத்தின் தொடக்க காலத்தில் சில சிறுகோள்கள் உள்ளுக்குள் உருகின. கனமான இரும்பும் நிக்கலும் கீழிறங்கி, பாறை மேலே நின்றது. (எல்லா இரும்பு விண்கல்லும் சிறுகோளின் மையத்திலிருந்து வந்தது என்று சொல்லிவிட முடியாது. பாறைகளுக்கு நடுவே தேங்கிய உலோகக் குட்டைகளிலிருந்து வந்ததாகக் கருதப்படும் ரகங்களும் உண்டு.) அந்த உலோகம் இறுகியபோது முதலில் ஒரே விதமான படிகமாக இருந்தது. அதன் பெயர் டேனைட். வெப்பம் ஏறக்குறைய 700 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கும்போது, நிக்கல் குறைந்த கமசைட் என்ற இன்னொரு படிகம் அதற்குள் முளைக்கத் தொடங்குகிறது. எந்த வெப்பநிலையில் முளைக்கும் என்பது நிக்கலின் அளவைப் பொறுத்தது. கமசைட்டால் 7 சதவீதத்துக்கு மேல் நிக்கலை வைத்துக்கொள்ள முடியாது. மிச்சத்தைப் பக்கத்திலுள்ள டேனைட்டுக்குத் தள்ளிவிட்டுத்தான் அது அகலமாக வளர முடியும். திட உலோகத்துக்குள் அணு நகர்வது ரொம்ப மந்தமான வேலை. 500 டிகிரிக்குக் கீழே போனால் அது கிட்டத்தட்ட நின்றேவிடும்.

அப்படியானால் விரல் நகத்தால் அளக்கிற அகலத்துக்குப் பட்டை வளர எவ்வளவு காலம் ஆகியிருக்கும்? இந்த விண்கற்கள் குளிர்ந்த வேகம், பத்து லட்சம் ஆண்டுக்குச் சில டிகிரி முதல் சில ஆயிரம் டிகிரி வரை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 1960களில் ஜான் வுட், ஜோசப் கோல்ட்ஸ்டீன் என்ற ஆய்வாளர்கள் இந்தக் கணக்குக்கு வழி காட்டினார்கள். டேனைட் பட்டையின் குறுக்கே எலக்ட்ரான் கற்றையை நகர்த்தி நிக்கலை அளந்தால், ஓரங்களில் அதிகமாகவும் நடுவில் குறைவாகவும் இருக்கும். ஓரத்தில் வந்து சேர்ந்த நிக்கல் நடுவரை போய்ச் சேரும் முன்பே குளிர்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்தே குளிர்ந்த வேகத்தைச் சொல்லிவிடலாம். ஆய்வக உலையில் இரும்பு நிக்கல் கலவையை உருக்கி இதே கோலத்தைக் கொண்டுவர முடியும்தான், ஆனால் நுண்ணோக்கி வைத்துத்தான் பார்க்க வேண்டும். மில்லிமீட்டர் அகலத்துக்கு வளர்க்கும் அளவுக்கு எந்த உலைக்காரருக்கும் ஆயுள் கிடையாது.

இனி அந்தத் தட்டுகள் நிற்கும் திசை. கமசைட் மனம்போன போக்கில் முளைப்பதில்லை. தாய்ப் படிகத்தில் எண்முகி வடிவின் முகங்களுக்கு இணையாக மட்டுமே தட்டுகள் வளரும். எண்முகிக்கு எட்டு முகங்கள். எதிரெதிர் முகங்கள் ஒன்றுக்கொன்று இணை என்பதால் திசைகள் நான்கு. ஆகவே ஒரே படிகத்திலிருந்து வந்த எந்தத் துண்டின் எந்த வெட்டிலும் நான்குக்கு மேல் பட்டைத் திசைகள் வரக்கூடாது. எண்முகியின் ஒரு முகத்துக்கு இணையாக அறுத்தால் மூன்று திசைகள் 60 டிகிரியில் வெட்டிக்கொண்டு முக்கோணங்களாகத் தெரியும். நான்காவது தட்டு வெட்டுக்கு இணையாகக் கிடப்பதால் ஒழுங்கற்ற திட்டுகளாகப் பரவும். கனசதுர முகத்துக்கு இணையாக அறுத்தால் இரண்டே திசைகள், செங்கோணத்தில். ஏதோ ஒரு சாய்வில் அறுத்தால் நான்கும் வரும், கோணங்கள் எல்லாம் வேறுவேறாக இருக்கும். "60 டிகிரி முக்கோணம் இருந்தால்தான் அசல்" என்று யாரோ கிளப்பிவிட்ட ஒரு விதி ரொம்ப நாளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை நம்பி நல்ல துண்டை வேண்டாம் என்று சொன்னவர்களும் உண்டு, அச்சடித்த முக்கோணங்களைக் காசு கொடுத்து வாங்கியவர்களும் உண்டு.

பட்டையின் அகலத்திலும் இதே கவனம் வேண்டும். ஒரே மரத்தை நேராக அறுத்தால் ஒரு மாதிரியும் சாய்த்து அறுத்தால் வேறு மாதிரியும் ரேகை தெரிவதுபோல, தட்டைச் சாய்வாக வெட்டினால் பட்டை உள்ளதைவிட அகலமாகத் தெரியும். அதனால் ஒரு பட்டையை மட்டும் அளந்து ரகம் சொல்லக்கூடாது. உண்மை அகலம் 3.3 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் மிகக் கரடு. 1.3 முதல் 3.3 வரை கரடு, 0.5 முதல் 1.3 வரை நடுத்தரம், 0.2 முதல் 0.5 வரை மென்மை, அதற்கும் கீழே மிக மென்மை. பொதுவாக நிக்கல் கூடக்கூடப் பட்டை மெலியும். ரஷ்யாவில் 1947 பிப்ரவரி 12 அன்று விழுந்த சிகோட்டே அலின் மிகக் கரடு ரகம். சின்னத் துண்டை அறுத்தால் ஒரே பட்டைக்குள்ளேயே வெட்டு முடிந்துபோகும், கோலமே தெரியாது. அர்ஜென்டினாவின் காம்போ டெல் சியெலோ கரடு. நமீபியாவின் கிபியோனும் சுவீடனின் முவோனியோனலுஸ்டாவும் மென்மை. இவை இரண்டும் ஒரே வேதியியல் குழுவைச் சேர்ந்தவை. இரண்டையும் கலந்து என் முன்னால் வைத்தால் கண்ணால் பார்த்துப் பிரித்துச் சொல்ல நான் துணிய மாட்டேன். அங்கே பேசுவது துண்டோடு வரும் அடையாளச் சீட்டும் கைமாறிய வரலாறும்தான்.

கோலமே இல்லாத அசல்களும் இருக்கின்றன. நிக்கல் 6 சதவீதத்துக்குக் கீழே போனால் முழு உலோகமும் கமசைட்டாகிவிடும். அதில் பட்டைக்குப் பதில் மயிரிழை போன்ற நேர்கோடுகள் மட்டும் தெரியும். மோதலின் அதிர்ச்சியில் படிகம் இழுபட்டதால் வந்த கோடுகள் அவை. 1847இல் விழுந்த பிரவுனாவ் விண்கல்லில் யோஹான் நியூமன் கண்டதால் அவர் பெயரால் வழங்குகின்றன. மறுபக்கம், நிக்கல் 16 சதவீதத்தைத் தாண்டினால் கமசைட் வளரத் தாமதமாகி, கண்ணுக்கு வெறும் சாம்பல் தகடாகவே தெரியும். உலகின் மிகப் பெரிய ஒற்றைத் துண்டான நமீபியாவின் ஹோபா, சுமார் 60 டன், இந்த ரகம்தான். கோலம் இல்லை என்பதற்காகத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

சரி, போலிக்கு வருவோம். நான் பார்க்கும் போலிகளில் மோசமானது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டில் லேசரிலோ அமில அச்சிலோ கோலத்தைப் பதித்தது. மோதிரம், கைக்கடிகார முகப்பு, பதக்கம் ஆகியவற்றில் இது அதிகம். இங்கேதான் விளிம்பு உதவும். அசலில் மேல்முகத்தில் ஓடும் பட்டை விளிம்பில் மடங்கிப் பக்கவாட்டிலும் தொடரும், அங்கே கோணம் மாறியிருக்கும். (விளிம்பை அமிலத்தில் காட்டாமல் விட்டிருந்தால் தெரியாது. விற்பவரிடம் அதைக் காட்டித் தரச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.) அடுத்து, துண்டை விளக்கின் கீழே மெல்லச் சாய்த்துச் சுற்றுங்கள். ஒரே திசையில் படிந்த பட்டைகள் சேர்ந்தே மின்னி, சேர்ந்தே மங்கும். அச்சுக் கோலம் எல்லாப் பக்கமும் ஒரேபோல மங்கும். ஒரே வடிவம் இரண்டு இடத்தில் அப்படியே திரும்ப வந்தால் பேச்சுக்கே இடமில்லை. அசலில் வெண்கல நிறத்தில் ட்ரோய்லைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) உருண்டைகள் அங்கங்கே குறுக்கிடும். அவற்றைச் சுற்றிக் கமசைட் போர்வைபோல் படர்ந்திருக்கும். அந்த ஒழுங்குக் குலைவை அச்சடிப்பவர்கள் வழக்கமாக மறந்துவிடுகிறார்கள்.

நிக்கல் சோதனையை மட்டும் நம்பி ஏமாறாதீர்கள். டைமெத்தில்கிளையாக்சைம் தடவிய பஞ்சு இளஞ்சிவப்பானால் நிக்கல் இருக்கிறது, அவ்வளவுதான். சாதாரண ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் 8 சதவீதம் போல நிக்கல் உண்டு. எக்ஸ்-கதிர் கருவியில் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் குரோமியம் எவ்வளவு என்று கேளுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் அது பத்து சதவீதத்துக்கு மேல் இருக்கும். இரும்பு விண்கல்லின் உலோகத்தில் சொற்பம். கோபால்ட் அரை சதவீதத்தை ஒட்டி இருந்தால் இன்னும் நல்லது. உள்ளே காற்றுக்குமிழி ஓட்டைகள் தெரிந்தால் அநேகமாக உலைக் கசடு.

அசல் துண்டையும் கையோடு கெடுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். கெடுப்பதில் முதலிடம் வெப்பத்துக்கு. 750 டிகிரியைத் தாண்டினால் கமசைட் மறுபடி டேனைட்டாக மாறத் தொடங்கும். கையில் குளிரும் வேகத்தில் அது பழைய தட்டுகளாகத் திரும்பாது, பொடிப்பொடியான படிகக் குழப்பமாகிவிடும். இதை இயற்கையே செய்துகாட்டுகிறது: புதிதாக விழுந்த இரும்பு விண்கல்லை அறுத்தால், வளிமண்டலத்தில் சூடேறிய வெளி ஓரத்தில் சில மில்லிமீட்டர் அளவுக்கு இப்படி மாறிய விளிம்பு தெரியும். அது அசலுக்கு நல்ல சாட்சி. ஆனால் துண்டு முழுவதும் அப்படி இருந்தால், யாரோ ஒரு கொல்லர் உலையில் வைத்துப் பார்த்திருக்கிறார் என்றுதான் பொருள். பழைய அருங்காட்சியகத் துண்டுகளிலேயே அப்படிச் சூடுபட்டவை உண்டு. விரலுக்குச் சேராத மோதிரத்தை ஊதுகுழல் வைத்து அளவு மாற்றித் தரச் சொல்வதும் இதே கதைதான்.

மிதமான சூடு வேறு விஷயம். 1808இல் வியன்னாவில் அரசுப் பீங்கான் ஆலையை நடத்திய அலோயிஸ் விட்மன்ஸ்டேட்டன், ஹ்ராஷினா விண்கல் வில்லையைச் சூடுகாட்டி, பட்டைகள் வேறுவேறு நிறம் பூணுவதைப் பார்த்துத்தான் இந்தக் கோலத்தைக் கவனித்தார். அதற்கு நான்கு ஆண்டு முன்பே, 1804இல், நேப்பிள்ஸில் இருந்த தாம்சன் என்ற ஆங்கிலேயர் நைட்ரிக் அமிலம் தடவி அதே கோலத்தைக் கண்டு எழுதியும் வைத்தார். பெயர் என்னவோ விட்மன்ஸ்டேட்டனுக்குத்தான் போயிற்று. முறையில் வென்றது தாம்சனின் அமிலம். இன்றும் அதுதான் நடக்கிறது.

அந்த அமிலத்தை வீட்டில் கலக்குகிறவர்களை நினைத்துத்தான் எனக்குப் பயம். நைட்டல் என்பது எத்தனாலில் சில சதவீதம் நைட்ரிக் அமிலம். இரண்டு முதல் ஐந்து சதவீதம் போதும். பத்தைத் தாண்டினால் கலவை தானாகச் சூடேறி வெடிக்கும் அபாயம் உண்டு. எத்தனாலுக்குள் அமிலத்தைச் சிறிது சிறிதாக விட வேண்டும், மாற்றிச் செய்யவே கூடாது. மிஞ்சியதை மூடி இறுக்கிப் பாட்டிலில் சேமிக்கக்கூடாது, உள்ளே வாயு சேர்ந்து பாட்டிலே சிதறலாம். பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, காற்றோட்டம் மூன்றும் இல்லாவிட்டால் தொடாதீர்கள். இத்தனைக்கும் வேலையின் பெரும்பகுதி அமிலத்தில் இல்லை, அதற்கு முந்தைய தேய்ப்பில் இருக்கிறது. 600 எண் உப்புத்தாள்வரை ஈரத்தில் பொறுமையாகத் தேய்த்துக் கீறல் இல்லாமல் செய்துவிட்டால் மெல்லிய நைட்டலே கோலத்தை எழுப்பிவிடும். கீறலை அமிலம் மறைக்கும் என்று நினைத்தால் அது இன்னும் எடுப்பாகத்தான் தெரியும். உலர்வாகத் தேய்க்க வேண்டாம். துண்டு சூடாகும், நிக்கல் தூசியும் நுரையீரலுக்குள் போகும். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் விண்கல் மோதிரத்தையே தவிர்ப்பது நல்லது. ஃபெரிக் குளோரைடு கொண்டும் கோலத்தை எழுப்பலாம், வெடிக்கும் பயம் இல்லை. ஆனால் அது விரிசல்களில் குளோரைடை விட்டுவிட்டுப் போகும். சேகரிப்புத் துண்டுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

குளோரைடு ஏன் ஆகாது என்றால், விண்கல் துருவின் வேரே அதுதான். துண்டில் பச்சை கலந்த மஞ்சள் துளிகள் வியர்ப்பதை லாரன்சைட் நோய் என்பார்கள். அந்தக் குளோரின் விண்வெளியிலிருந்தே வந்தது என்று வெகுகாலம் நம்பினார்கள். 1989இல் வாகன் புக்வால்ட், ராய் கிளார்க் என்ற விண்கல் ஆய்வாளர்கள் அது பூமியிலிருந்து புகுந்தது என்றும், அகாகனைட் என்ற துருக் கனிமம் குளோரைடைப் பிடித்துவைத்து உலோகத்தைத் தின்கிறது என்றும் காட்டினார்கள். அப்படியென்றால் உப்புள்ள தண்ணீரில் கழுவுவதும் வியர்வைக் கையால் தடவுவதும் நாமே நோயை ஏற்றுவதுதான். அமிலம் காட்டிய பிறகு சமையல் சோடா கரைசலில் நடுநிலையாக்கி, காய்ச்சி வடித்த நீரில் அலசி, நீரற்ற ஆல்கஹாலில் ஒரு நாள் ஊறவிட்டு, மிதமான சூட்டில் உலர்த்துங்கள். அப்புறம் மெல்லிய எண்ணெயோ மெழுகோ பூசி, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். சிலிக்கா ஜெல்லை அவ்வப்போது உலர்த்தாவிட்டால் டப்பா வெறும் அலங்காரம்தான்.

துருப்பிடிக்கும் இயல்பு கல்லுக்குக் கல் மாறும். சீனாவின் நான்டான் துண்டுகள் பல, உலோகமே மிஞ்சாமல் துருக்கட்டியாகிவிட்டவை. கிபியோன் பொதுவாக நன்றாகத் தாங்கும், அதனால் அதற்குக் கிராக்கி. ஆனால் நமீபியா விண்கற்களை நாட்டின் பாரம்பரியச் சொத்தாகப் பாதுகாக்கிறது, அனுமதியின்றி வெளியே கொண்டுபோக முடியாது. அர்ஜென்டினாவும் 2007 சட்டத்தின்படி அப்படியே. ஆகவே "இப்போதுதான் தோண்டி எடுத்தது" என்று பெருமையாக விற்றால் அதையே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். எப்போது, எந்தச் சேகரிப்பிலிருந்து வந்தது என்று எழுத்தில் கேளுங்கள். பெயர் சரியா என்பதை விண்கல் ஆய்வாளர்களின் அமைப்பான மீட்டியொரிட்டிக்கல் சொசைட்டி நடத்தும் பொதுப் பட்டியலில் சரிபார்க்கலாம், இலவசம்தான்.

நீங்களே ஒரு துண்டைக் கண்டெடுத்தால் அதை அறுக்க அவசரப்படாதீர்கள். கிடந்த இடத்தைப் படமெடுத்து, எடை பார்த்து, உலர்வாக வைத்து, அருங்காட்சியகத்தையோ புவியியல் ஆய்வு நிறுவனத்தையோ அணுகுங்கள். விண்கல் யாருக்குச் சொந்தம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். புதிய விண்கல்லாகப் பதிவாக வேண்டுமானால் 20 கிராம் அல்லது மொத்த எடையில் 20 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதை ஒரு நிறுவனத்தில் ஒப்படைக்க வேண்டும். அந்தத் துண்டை எந்தத் திசையில் அறுப்பது என்பதையும் அவர்களே முடிவு செய்யட்டும்.