கார்ட்டூனை நிறுத்திட்டா போயிடுமா? ஃபிக்டிவ் பத்தி வீட்டுல இருக்கறவங்களுக்கு

"அந்த அனிமேவ பாக்க விடாம பண்ணிட்டா இது போயிடுமா மேடம்?" தனக்குள்ள ஒரு கதைக் கேரக்டர் தனி ஆளா இருக்குன்னு சொல்ற புள்ளைங்களோட அப்பா அம்மாங்க இப்பல்லாம் அடிக்கடி கேக்கறது இதுதான். நான் சைக்காலஜிஸ்ட், சேலத்துல அஸ்தம்பட்டி பக்கம் பாக்கறேன், காலேஜ் பசங்க வருவாங்க, ஏற்காட்டுல இருந்தும் பஸ் ஏறி இறங்கி வருவாங்க. போகாதுங்க. போன புடுங்கி வெச்சா புள்ள உங்ககிட்ட சொல்றத நிறுத்திரும், அவ்ளோதான்.

ஒரே உடம்புல தாங்க ஒருத்தர் இல்ல, பல பேருன்னு உணர்றவங்க தங்கள சேத்து சிஸ்டம்னு சொல்லிக்கறாங்க. அதுல ஒருத்தர் கதைல, சினிமால, கேம்ல வர்ற கேரக்டரா வந்திருந்தா அவங்க ஃபிக்டிவ். அந்தக் கதைதான் சோர்ஸ். எங்க ஆளுங்க இதையே இன்ட்ரோஜெக்ட்னு சொல்லுவோம், வெளிய பாத்த ஒரு உருவத்த மனசு உள்ள வாங்கி ஒரு ஆளாவே வெச்சுக்கறது.

டிஐடின்னு (டிஸோசியேட்டிவ் ஐடென்டிட்டி டிஸ்ஆர்டர்) ஒரு டயக்னோசிஸ் இருக்கு, 1980-ல டிஎஸ்எம்னு அமெரிக்க சைக்கியாட்ரிஸ்ட்டுங்க போடற மனநோய் புக்ல மல்டிபிள் பெர்சனாலிட்டின்னு போட்டிருந்தாங்க, 1994-ல பேர மாத்துனாங்க. சின்ன வயசுல திரும்பத் திரும்ப நடந்த கொடுமையோட இதுக்கு நெருக்கமான தொடர்பு இருக்கு. ஆனா எல்லா சிஸ்டமும் டிஐடி இல்ல. 2022-ல நடைமுறைக்கு வந்த ஐசிடி-11லயே (உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியல்), உள்ள பல பேரு இருக்கறது மட்டும் எப்பவும் நோய் ஆகாதுன்னு இருக்கு. மறதி, அவஸ்தை, படிப்பு வேலை கெட்டுப்போறது, இதெல்லாம்தான் நாங்க பாக்கறோம். (2005-ல வந்த அந்நியன், சந்திரமுகி ரெண்டு படத்த வெச்சு இத புரிஞ்சுக்காதீங்க, புண்ணியமா போகும். என்கிட்ட வர்றவங்க பயமுறுத்தறத விட பயந்துபோய் வர்றவங்கதான் ஜாஸ்தி.)

சரி, ஏன் கதைல இருந்து வரணும்? அனுமதி வாங்கி, அடையாளத்த மாத்தி ஒண்ணு சொல்றேன். முப்பது தாண்டுன ஒரு அம்மா, மலையடிவாரத்துல ஒரு ஊரு. அவங்களுக்குள்ள இருக்கறது பீமன். அனிமே இல்ல, திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்துல ராத்திரி முழுக்க முழிச்சு பாத்த பீமன், கிரீடம், தோள்ல புஜக்கட்டை, கால்ல சலங்கை, அப்படியேதான் உள்ளயும் நிக்கறான், அவன் முன்னால வந்து உடம்ப எடுத்துக்கறப்ப மொதல்ல சலங்கை சத்தம் கேக்குமாம். அப்ப அவங்க வீட்டுல நடந்தது எதையும் தடுக்கற பெரியவங்க யாரும் இல்ல. கூத்துல பாஞ்சாலி துகில் உரியறப்ப பீமன் கொதிச்சாலும் அண்ணனுக்குக் கட்டுப்பட்டு நிக்கறான், சபதம் மட்டும்தான் போடறான் இல்லையா? இவங்க சொன்னாங்க, "எங்கிட்ட இருக்கறவன் யாரு பேச்சையும் கேக்க மாட்டான் மேடம், எழுந்திருச்சிருவான்."

கதைல யாரும் செய்யாத ஒண்ண செய்யறதுக்குத்தான் அவன் வந்திருக்கான். அதனால பாரதத்துல அப்படி இல்லையேன்னு திருத்தறதுல அர்த்தமே இல்ல. சோர்ஸ்ல இருந்து அவங்களுக்குக் கிடைச்சது முகம், குரல், நடை, கொஞ்சம் குணம், அப்புறம் அவங்க தனி ஆளு. சிலபேரு சோர்ஸ் பேரையே விட்டுட்டு வேற பேரு வெச்சுக்கறாங்க, சிலபேருக்கு சோர்ஸுதான் சொந்த ஊரு மாதிரி, திரும்பத் திரும்ப பாத்தாதான் மனசு அடங்கும், இன்னும் சிலபேருக்கு அத பாத்தாலே ஆகாது. இந்த அம்மாவுக்கு ஊருல துகில் கூத்து நடக்கற ராத்திரி என்ன நடந்துச்சுன்னே ஞாபகம் இருக்காது. அதுக்காக கூத்துக்கே போகாதீங்கன்னு நான் சொல்லல, எந்த ராத்திரிக்குப் போறது, பக்கத்துல யாரு உக்கார்றது, எப்ப எழுந்து வெளிய வந்துர்றதுன்னு பீமனையும் கேட்டுத்தான் முடிவு பண்ணினோம்.

எக்ஸோமெமரின்னு ஒண்ணு இருக்கு, அந்தக் கதைக்குள்ள வாழ்ந்த ஞாபகம். ஒரு காலேஜ் பையனுக்குள்ள இருக்கற வாள்வீரன் தன் கிராமம் எரிஞ்சத சொல்லி அழுவான். பொய்னு சொன்னா கதவ சாத்திக்குவான், நிஜமா நடந்ததுன்னு தலையாட்டறதும் தப்பு. அந்த துக்கம் நிஜம், அதோட உக்காருவேன். அதுக்குள்ள ஏதோ ரகசியம் ஒளிஞ்சிருக்குன்னு துப்பறியறதும் எனக்குப் பிடிக்காது, சிலசமயம் அது வெறும் கதைல இருந்து வந்த சீன்தான். புது சீசன்ல அந்த கேரக்டர் செத்துட்டா, இல்ல எழுதுனவரு பத்தி அசிங்கமா நியூஸ் வந்தா, அந்த வாரம் எனக்கு போன் வரும். ஆனா எழுதுனவரு பண்ணுன தப்புக்கு உள்ள இருக்கறவர பொறுப்பாக்க முடியாதுல்ல. அதே கேரக்டர் இன்னொரு சிஸ்டத்துலயும் இருக்குன்னு தெரிஞ்சு அப்ப நான் டூப்பான்னு கலங்கிப் போனவங்களும் உண்டு. ஒரே சோர்ஸ்ல இருந்து ரெண்டு தனித்தனி ஆளுங்க, அவ்ளோதான்.

கேரக்டர் மாதிரி வேஷம் போட்டு காஸ்ப்ளே பண்றவங்க, கேரக்டர் மேல பைத்தியமா இருக்கறவங்க, மனசுக்குள்ள ஃப்ரெண்ட் வெச்சு விளையாடற குட்டிப் புள்ளைங்க, இவங்கள்லாம் இதுல சேர மாட்டாங்க. ஆடில கோட்டை மாரியம்மன் கோயில்ல சாமி வந்து ஆடறவங்களும் இல்ல; ஊரே ஏத்துக்கிட்ட வழக்கத்த டிஎஸ்எம்மும் நோய்ல சேக்கல.

வீட்டுல என்ன பண்ணலாம்? "நீ அவன்னா அந்த எபிசோட்ல என்ன சொன்ன சொல்லு பாக்கலாம்"னு டெஸ்ட் வைக்காதீங்க. என்ன பேரு சொல்லிக் கூப்பிடறது, எப்ப வர்றீங்க, என்ன வேணும்னு கேளுங்க. குரல் கேக்குதுன்னு சொன்ன உடனே சிசோஃப்ரினியான்னு நீங்களே முடிவு கட்டாதீங்க, அதே சமயம் சைக்கியாட்ரிஸ்ட்ட காட்டாமலும் விடாதீங்க, வலிப்பு மாதிரி விஷயங்க இல்லன்னும் பாத்து உறுதி பண்ணிக்கணும். டிஐடிய குணமாக்கற மாத்திரைன்னு எதுவும் இல்ல, தூக்கத்துக்கும் டிப்ரஷனுக்கும் தருவாங்க, மத்தது தெரபிதான், வருஷக்கணக்குல போகும். ஃபிக்டிவ்வ விரட்டித் தரேன்னு யாராச்சும் சொன்னா காச குடுக்காதீங்க. கைய அறுத்துக்கறது, சாகற பேச்சுன்னு வந்தா அரசோட மனநல ஹெல்ப்லைன் டெலிமானஸ் 14416, ராத்திரியும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம், காசு கிடையாது.