'நிற' என்று ஒரு சொல் சேர்த்தால் மீன் கெட்டுப்போகும்

இந்த மாதத்தில் இது மூன்றாவது. மீன் வணிக ஆவணம் ஒன்றின் தமிழாக்கம் சரிபார்ப்புக்கு வந்தது. மூலத்தில் 'கிரீன் ஃபிஷ், பீப்பாய்களில்' என்று இருக்க, தமிழில் 'பச்சை நிற மீன், பீப்பாய்களில்' என்று எழுதியிருந்தார்கள். பீப்பாயில் இருந்ததோ காட் என்ற கடல் மீன். அதன் முதுகு பழுப்பாகவும் இருக்கும், பச்சை கலந்தும் இருக்கும். ஆனால் இங்கே பேச்சு நிறத்தைப் பற்றியே இல்லை.

ஆங்கிலத்தில் 'கிரீன்' என்பது எப்போதும் நிறம் என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்? வெட்டியபின் காயாத மரம் அவர்களுக்கு 'கிரீன்' மரம். பதனிடாத தோல் 'கிரீன்' தோல். வறுக்காத காப்பிக் கொட்டை 'கிரீன்' கொட்டை. அது கொஞ்சம் பச்சையாகவும் இருப்பது தற்செயல். வேலைக்குப் புதிதாக வந்தவன் 'கிரீன் ஹேண்ட்'. இதைப் புரிந்துகொள்ள ஆங்கிலேயனாகப் பிறந்திருக்க வேண்டியதில்லை. நாமே பச்சரிசி என்கிறோம், அது வெள்ளை. பச்சைத் தண்ணீர் என்கிறோம், அதற்கு நிறமே இல்லை. பச்சைக் குழந்தையைப் பார்த்து யாரும் மருத்துவரிடம் ஓடுவதில்லை. உலகில் எத்தனையோ மொழிகளில் திண்டாட வேண்டிய ஒரு சொல், நம் மொழியில் கையில் கொடுத்த மாதிரி இருக்கிறது. அதில் போய் 'நிற' என்று சேர்க்கிறார்கள்! சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் தொழிலில் ஒரு சொல்லைக் கூட்டும் ஆசை எனக்கும் புரிகிறது. ஆனால் இந்தச் சொல் வேண்டாம்.

சரி, 'நிற' போய்விட்டால் 'பச்சை மீன்' சரியா? பிடித்தபடியே இருக்கும், உப்பும் வெயிலும் படாத மீன் என்றால் சரிதான். காட் வணிகத்தில் மட்டும் ஒரு கண்ணி இருக்கிறது. கனடாவின் கிழக்கில் இருக்கும் நியூஃபவுண்ட்லாந்து தீவுக்கு அப்பால் உள்ள கடல்மேடுகளில் மீன்பிடித்த பிரெஞ்சுக் கப்பல்கள், பிடித்ததைக் கப்பலிலேயே நிறைய உப்பிட்டு அடுக்கி, உலர்த்தாமல் ஊருக்குக் கொண்டுபோயின. அதற்குப் பிரெஞ்சிலும் 'பச்சைக் காட்' என்றுதான் பெயர். உப்பு எளிதில் கிடைக்காத ஆங்கிலேயர்கள் கரையேறி, குறைந்த உப்பில் காயவைத்தார்கள். ஆகவே அங்கே 'கிரீன்' என்றால் உப்பிட்டது, ஆனால் உலர்த்தாதது. நாம் 'பச்சை மீன்' என்று எழுதினால் படிப்பவர் உப்பே போடாத மீன் என்று நினைப்பார். 'உப்பிட்ட, உலர்த்தாத மீன்' என்று எழுதிவிடுங்கள். நீளம்தான், பரவாயில்லை.

'கிரீன்வெயிட்' இன்னும் மோசம். 'பசுமை எடை' என்று ஒருவர் எழுதியிருந்தார். சுற்றுச்சூழல் திட்டம் என்று நினைத்திருப்பார் போல. நியூசிலாந்தின் 1996 மீன்வளச் சட்டத்தில் அது வரையறுக்கப்பட்ட சொல்: தலையோ குடலோ எடுக்காத, எந்தப் பக்குவமும் தொடங்காத மீனின் எடை. தலையும் குடலும் நீக்கிய மீன் 100 கிலோ, முழு எடையை அறிய அதைப் பெருக்கும் எண்ணான மாற்றுக் காரணி 1.5 என்று வைத்துக்கொண்டால், கணக்கில் ஏறுவது 150 கிலோ. மீன்பிடி ஒதுக்கீட்டையே இதை வைத்துத்தான் கழிக்கிறார்கள். 'முழு மீன் எடை' என்று எழுதினால் யாருக்கும் குழப்பமில்லை.

இனி 'கிரீன்ஃபிஷ்' என்று சேர்த்தே எழுதினால்? அப்போது அது பெரும்பாலும் ஒரு மீனின் பெயர். எந்த மீன் என்பதுதான் தகராறு. 1913 வெப்ஸ்டர் அகராதியைத் திறந்தால் விளக்கமே இருக்காது. 'புளூஃபிஷ், பொல்லாக் பார்க்க' என்று கைகாட்டிவிட்டுப் போய்விடும். அதாவது ஒரே மீன் ஒருவருக்கு நீலம், இன்னொருவருக்குப் பச்சை. பொல்லாக்கின் கதை அதைவிட வேடிக்கை. அதன் அறிவியல் பெயரில் வரும் 'விரென்ஸ்' லத்தீனில் பச்சையைக் குறிக்கும். ஆங்கிலத்தில் அதற்குள்ள இன்னொரு பெயர் 'கோல்ஃபிஷ்', நிலக்கரி மீன்! போதாததற்கு, இன்று உறைபனிப் பொட்டலங்களில் வரும் அலாஸ்கா பொல்லாக் வேறொரு மீன். இந்த இடத்தில் மொழிபெயர்க்கவே கூடாது. அறிவியல் பெயரைக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் தெரியாதவர் என்று நினைப்பார்களோ என்று தயங்காதீர்கள். கேட்காதவரைத்தான் நான் அப்படி நினைக்கிறேன்.

கிரீன்லாந்து ஹாலிபட் என்ற மீனை 'பச்சைநில ஹாலிபட்' ஆக்கியவரைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

நேர்மையாகச் சொன்னால், 'நிற' கட்டாயம் வேண்டிய இடமும் ஒன்று உண்டு. கார்ஃபிஷ் என்ற ஊசிமூக்கு மீனின் முள் நிஜமாகவே பச்சை. பிலிவெர்டின் என்ற நிறமிதான் காரணம். சாப்பிடுபவருக்கு அதனால் கெடுதல் இல்லை. 'முள் பச்சையாக இருக்கும், பயப்பட வேண்டாம்' என்று ஒரு குறிப்பு வந்தது. தமிழில் படிப்பவர் அதை எப்படி எடுத்துக்கொள்வார்? வேகாமல் இருக்கும், பரவாயில்லை என்று! அரைவேக்காட்டு மீனைச் சாப்பிடச் சொன்ன மாதிரி ஆகிவிடும். அங்கே 'பச்சை நிறத்தில்' என்று எழுதுங்கள், நானே கைதட்டுவேன்.

தயவுசெய்து ஒரே ஒரு உதவி. நிறமா, நிலையா, பெயரா என்று முடிவு தெரியாத இடத்தில் ஊகித்து எழுதாதீர்கள். மஞ்சள் பூசிக் காலியாக விட்டு அனுப்புங்கள். காலி இடம் என் கண்ணில் படும், கேட்டுவிடுவேன். ஒழுங்கான தமிழில் தவறாக நிரப்பிய இடம், இரவு பதினோரு மணிக்கு நாற்பதாவது பக்கத்தில் வந்தால், என்னையும் தாண்டி அச்சுக்குப் போய்விடும். ஒருமுறை போயும் இருக்கிறது.