கண்டபேரண்டம்: தமிழில் இருதலைப்புள்

கர்நாடக அரசு முத்திரையின் நடுவில், கேடயத்துக்குள் இரண்டு தலைகளோடு ஒரு பறவை நிற்கும். மைசூர் உடையார்களின் சின்னமாக இருந்து அரசுக்கு வந்தது அது. பெயர் கண்டபேருண்டம். தமிழில் இது கண்டபேரண்டம் என்று வழங்குகிறது. கதை சொல்பவர்கள் 'அண்டபேரண்டப் பட்சி' என்பார்கள்.

பேருண்டம் வடசொல். அச்சம் தருவது என்று பொருள். முன்னால் நிற்கும் 'கண்ட' என்பதற்கு, கன்னடத்தில் உள்ளபடி வீரன் என்று பொருள் கொள்ளலாம். விஜயநகர மன்னர்களின் 'மூவராயர கண்டன்' என்ற பட்டத்தில் வருவதும் இந்தக் கண்டன்தான். ஆக, பிரபஞ்சத்தைக் குறிக்கும் பேரண்டத்துக்கும் இந்தப் பறவைக்கும் சம்பந்தம் கிடையாது. பேருண்டம் நம் நாவில் பேரண்டம் ஆனதும், பழகிய சொல்லின் பொருளும் கூடவே ஒட்டிக்கொண்டது.

நரசிம்மரை அடக்கச் சிவன், சிங்கமும் பறவையும் கலந்த சரபமாக வந்தார் என்பது சைவர் கதை. அந்தச் சரபத்தையும் வெல்லத் திருமால் எடுத்த வடிவமே கண்டபேரண்டம் என்பது வைணவர் பதில். கர்நாடகத்தின் பள்ளிகாவியில் 1047இல் நிறுத்திய தூண் ஒன்றில் இப்பறவைக்கு மனித உடல். விஜயநகர மன்னர் அச்சுதராயர் வெளியிட்ட பொற்காசில் அதன் வலிமை இன்னும் நன்றாகத் தெரியும். விரல்நுனி அளவுக் காசுதான். அதற்குள் பறவை தன் அலகுகளிலும் கால்களிலும் யானைகளைப் பற்றிக்கொண்டு நிற்கிறது.

சரி, தமிழில் இதற்கு என்ன சொல்? புதிதாக ஆக்கவே வேண்டாம். அகநானூற்றின் 12ஆம் பாட்டில் கபிலர் 'இருதலைப் புள்' என்கிறார். புள் என்றால் பறவை. தாய்க்கு மகள் கண்ணைவிட மேல். தந்தையோ அவள் பாதம் நிலத்தில் படக்கூடப் பொறுக்கமாட்டார். இதைச் சொல்லிவிட்டுத் தோழி, தானும் தலைவியும் எப்படி என்கிறாள்:

'யாமே, பிரிவு இன்று இயைந்த துவரா நட்பின்,
இருதலைப் புள்ளின் ஓர் உயிரம்மே'

தலை இரண்டு, உயிர் ஒன்று. யானையைத் தூக்கும் பலத்தைப் பற்றி இங்கே பேச்சே இல்லை. பிரிக்க முடியாத நட்புக்குத்தான் பறவை வருகிறது. எனக்கு இதைவிட அழகான உவமை அந்தப் பறவைக்குக் கிடைத்ததாகத் தெரியவில்லை.

ஆனால் தலைகள் சண்டை போட்டால்? பஞ்சதந்திரத்தில் ஒரு தலை இனிய கனியைத் தானே தின்றுவிடுகிறது. கோபத்தில் மற்றது நஞ்சைத் தின்கிறது. வயிறு ஒன்றுதானே, இரண்டும் மாள்கின்றன. கலித்தொகையின் மருதக்கலியிலும் இதே அச்சம் உண்டு. ஊடல் கொண்ட தலைவியிடம் தலைவன், 'ஓருயிர்ப் புள்ளின் இருதலையுள் ஒன்று' மற்றதோடு போருக்கு எழுந்தது போல நீ கோபித்தால் என் உயிர் எப்படி நிற்கும் என்று கெஞ்சுகிறான்.

ஆகவே பறவையைப் பொதுவாகச் சொல்லும்போது இருதலைப்புள் என்றே எழுதலாம். அரச சின்னம், காசு, கோயில் சிற்பம் என்று வரும் இடத்தில் கண்டபேரண்டம் என்ற பெயரையும் ஒருமுறை சேர்த்துக்கொண்டால் படிப்பவருக்குக் குழப்பம் இராது. 'அண்டபேரண்டம்' கதைகளோடு இருக்கட்டும்.