ரைஃபிளின் எடை குறைய: எதில் கை வைக்கலாம், எதில் கூடவே கூடாது

விலைப்பட்டியலில் 3.7 கிலோ என்று போட்டிருக்கும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் (ஒவ்வொரு சூட்டுக்கும் போல்ட் என்ற பூட்டைக் கையால் இழுத்துத் தள்ளும் வகை), தோளில் ஏறும்போது 5 கிலோவைத் தாண்டிவிடும். பட்டியலில் இருப்பது வெறும் துப்பாக்கியின் எடை. ஸ்கோப், அதைப் பிடிக்கும் ரிங், ரிங் உட்காரும் பேஸ், தோள்வார், பேரலுக்கு முட்டுக் கொடுக்கும் இருகால் பைபாட், தோட்டா எதுவும் அந்தக் கணக்கில் வராது. எடை குறைக்க வருபவர்களில் பெரும்பாலோர் நேராகப் பேரலில்தான் கண் வைக்கிறார்கள். "மெல்லிய பேரல் போட்டுத் தாருங்கள்" என்பதே முதல் கோரிக்கை. அது கடைசியில் யோசிக்க வேண்டியது. சில உறுப்புகளோ யோசிக்கவே கூடாதவை.

முதலில் தராசு வேண்டும். 5 கிலோ வரை தாங்கி, கிராம் கணக்கில் காட்டும் சாதாரண டிஜிட்டல் தராசு போதும். மேகசினைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து, சேம்பரை (தோட்டா உட்காரும் அறையை) கண்ணால் பார்த்து, விரல் விட்டும் தடவிப் பாருங்கள். இதை இரண்டு முறை செய்யுங்கள். தோட்டா எதுவும் அந்த மேசையில் இருக்கக் கூடாது. பிறகு ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றி எடை போட்டுத் தாளில் எழுதுங்கள்.

.308 தோட்டா சுடும் ரைஃபிள் ஒன்றில் மாதிரிக் கணக்கு பார்ப்போம். ரிசீவர் (போல்ட்டைத் தாங்கும் நடு உலோகக் கூடு), போல்ட், டிரிகர் சேர்ந்து 1100 கிராம். 60 செ.மீ. நடுத்தரத் தடிமன் பேரல் 1300. தோளில் ஊன்றிப் பிடிக்கும் மரக்கட்டை 1100. டிரிகர் கார்டும் மேகசினும் 200. இதுவரை 3700. அதன்மேல் ஸ்கோப் 650, எஃகு ரிங்கும் பேஸும் 220, தோள்வார் 180, பைபாட் 400, ஐந்து தோட்டா 120. மொத்தம் 5270 கிராம். ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது.

இனி குறைப்போம். பைபாட்டை விட்டுவிட்டு முதுகுப்பையை முட்டாகக் கொடுத்தால் 400 போயிற்று. 650 கிராம் ஸ்கோப்புக்குப் பதிலாக 400 கிராமுக்குள் நிற்கும் 3-9x40 (3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடி 40 மி.மீ.) வகை ஒன்று வைத்தால் 250. எஃகு ரிங், பேஸுக்குப் பதில் அலுமினியம் என்றால் 120. கனத்த தோல் வாருக்குப் பதில் நைலான் வார், 100. மரக்கட்டையை 700 கிராம் கார்பன் ஃபைபர் கட்டையாக மாற்றினால் 400. கூட்டினால் 1270 கிராம். ரைஃபிள் சரியாக 4 கிலோவில் வந்து நிற்கிறது. பேரலை யாரும் தொடவில்லை, போல்ட்டில் ஒரு துளைகூடப் போடவில்லை.

கட்டை

பிளாஸ்டிக் என்றாலே லேசு என்று நினைப்பது பரவலான தவறு. அச்சில் வார்த்த சாதாரண பிளாஸ்டிக் கட்டை பெரும்பாலும் வால்நட் மரக்கட்டைக்குக் கிட்டத்தட்ட அதே எடைதான். பல அடுக்கு ஒட்டிய லேமினேட் மரம் இரண்டையும் விடக் கனம். எடை உண்மையிலேயே இறங்குவது, நடுவில் ஃபோம் நிரப்பி மேலே கார்பன் ஃபைபர் போர்த்திய கட்டைகளில். வாங்குமுன் கட்டையின் முன்பகுதியைப் பேரலை நோக்கிக் கையால் அமுக்கிப் பாருங்கள். வளைந்து பேரலைத் தொட்டால் அந்தக் கட்டை வேண்டாம். முட்டுக் கொடுத்துச் சுடும்போது அது பேரலை உதைக்கும். குண்டு ஒரு நாள் ஓரிடத்திலும் மறுநாள் வேறிடத்திலும் விழும்.

கட்டை மாற்றும் இடத்தில்தான் சின்னச் சின்னப் பிழைகள் அதிகம். புதுக் கட்டையின் தடிமன் பழையதைப் போல இருக்காது. ரிசீவரைக் கட்டையோடு பிணைக்கும் பழைய ஆக்‌ஷன் திருகையே போட்டு முறுக்கினால், முன் திருகு ரிசீவருக்குள் நீட்டிக்கொண்டு போல்ட்டின் பூட்டுக் காதில் (போல்ட்டை ரிசீவரோடு பூட்டும் முனைப்பில்) உரசும். சோதிப்பது எளிது. கட்டையில் பூட்டி, திருகை முழுக்க முறுக்கி, காலி சேம்பரில் போல்ட்டை மூடித் திறந்து பாருங்கள். திருகு தளர்வாக இருக்கையில் வழுக்கிக்கொண்டு போன போல்ட், முறுக்கியபின் பிடித்தால் திருகு நீளம். அரை மில்லிமீட்டர் வீதம் அரத்தால் ராவி மறுபடி பாருங்கள். அதே சமயம் எஃகு ரிசீவரில் திருகின் விட்டத்தளவு நீளமாவது மரை பிடித்திருக்க வேண்டும். ஸ்கோப் பேஸின் முன் திருகிலும் இதே சிக்கல் வரும், அதே சோதனைதான்.

ஃபோம் நிரப்பிய கட்டையில் திருகுத் துளையில் அலுமினியத் தூண்கள் (குழல்கள்) இல்லாமல் திருகை இறுக்கக் கூடாது. இறுக்க இறுக்க உள்ளே நசுங்கும், பத்து இருபது தோட்டாவில் திருகு தளர்ந்துவிடும். முறுக்குவிசை பொதுவாக 4.5 முதல் 7 நியூட்டன் மீட்டர் வரை இருக்கும். கட்டை செய்தவர் சொல்லும் அளவே இறுதியானது. "கைக்குத் தெரியும்" என்று முறுக்காமல் முறுக்குவிசை காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்குங்கள்.

கட்டையில் ரிசீவர் பதியும் படுகை சரியாக அமைந்ததா என்று பார்க்க ஒரு வழி உண்டு. நுண்ணிய நகர்வைக் காட்டும் டயல் கேஜைப் பேரலில் பிடித்து, அதன் முள் கட்டை நுனியைத் தொடுமாறு வையுங்கள். முன் திருகை மெதுவாகத் தளர்த்துங்கள். முள் 0.05 மி.மீ.க்கு மேல் நகர்ந்தால் ரிசீவர் வளைந்த நிலையில் இறுக்கப்பட்டிருக்கிறது. எபாக்ஸி போட்டுப் படுகையைத் திருத்தாமல் அந்த ரைஃபிளிடம் நல்ல குரூப் (குண்டுகள் நெருங்கி விழுவது) எதிர்பார்க்க முடியாது.

ஸ்கோப்பும் ரிங்கும்

5-25x56 போன்ற பெரிய ஸ்கோப்புகள் தனியாகவே ஒரு கிலோவைத் தொடும். முன் கண்ணாடி 56 மி.மீ. என்றால் ரிங்கும் உயரமாக வேண்டும். கன்னம் கட்டையில் ஒட்டாமல் அந்தரத்தில் நிற்கும். 200, 300 மீட்டருக்குள் சுடுபவருக்கு 40 மி.மீ. தாராளம். ரிசீவர் முழு நீளத்துக்கும் ஓடும் எஃகு ரெயிலுக்குப் பதில் இரண்டு துண்டு அலுமினிய பேஸ் வைப்பதும் எடையைக் குறைக்கும்.

லேசான ஸ்கோப்பின் குழாய்ச் சுவர் மெல்லியது. ரிங் மூடித் திருகுகளை 1.7 முதல் 2.8 நியூட்டன் மீட்டருக்கு மேல் இறுக்கினால் குழாயில் தடம் விழும், உள்ளே கண்ணாடியைத் தாங்கும் பகுதி பிடித்துக்கொண்டு டரெட்டை (குறியைத் திருத்தும் குமிழை) திருப்பினாலும் குறிப்புள்ளி நகராது. அலுமினிய ரிங்கின் மரை சீக்கிரம் வழுக்கும். டைட்டானியம் ரிங் வாங்கினால் மரையில் ஒட்டுத்தடுப்பு பேஸ்ட் கட்டாயம். டைட்டானியமும் டைட்டானியமும் உரசினால் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும், பிறகு உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

பேரல்

தனி உறுப்பாகப் பார்த்தால் அதிக எடை இங்கேதான் என்பது உண்மை. 7.62 மி.மீ. துளையுள்ள எஃகுப் பேரலில், வெளிவிட்டம் 22 மி.மீ. இருக்கும் பகுதி ஒரு செ.மீ.க்கு 26 கிராம். 16 மி.மீ. ஆனால் 12 கிராம். 50 செ.மீ. நீளத்துக்கு அப்படி மெலிந்தால் 700 கிராம் குறையும். விறைப்பு எவ்வளவு குறைகிறது என்பதை யாரும் கேட்பதில்லை. விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 22 மி.மீ. பேரல் 16 மி.மீ. பேரலை விட 3.7 மடங்கு விறைப்பானது. எடை பாதியாகும்போது விறைப்பு கால்பங்குக்குப் போய்விடுகிறது.

சூட்டைத் தாங்கும் எஃகும் குறைவு. முதல் இரண்டு மூன்று தோட்டா நன்றாகவே போகும், அதன்பின் குரூப் விரியும், அல்லது ஒரு பக்கமாக நகரும். எனவே மெல்லிய பேரலை ஜீரோ செய்யும்போது (குண்டு விழும் இடத்தில் குறி நிற்கும்படி ஸ்கோப்பைத் திருத்தும்போது) மூன்று தோட்டாவுக்கு ஒரு முறை கை வைத்துப் பார்த்து, முழுக்க ஆறவிட்டுச் சுட வேண்டும். வேட்டைக்குப் போகும் ரைஃபிளில் ஆறிய பேரலின் முதல் தோட்டா எங்கே விழுகிறது என்பதே கணக்கு. ஐந்தாவது தோட்டா விழுந்த இடத்தைப் பார்த்து டரெட்டைத் திருப்பிவிட்டு, மறுநாள் முதல் தோட்டா தவறியதும் ஸ்கோப்பைக் குறை சொல்பவர்கள் உண்டு.

நீளத்தைக் குறைப்பது மெலிய வைப்பதை விட நல்ல வழி. குட்டையான பேரல் விறைப்பானது. 5 செ.மீ. வெட்டினால், விட்டத்தைப் பொறுத்து, 60 முதல் 130 கிராம் போகும். .308இல் குண்டின் வேகம் ஏறக்குறைய 15 மீ/விநாடி குறையும். வெடியோசையும் தீப்பிழம்பும் கூடும். வெட்டிய வாயை (பேரல் நுனியை) சரியான செங்கோணத்தில் கடைந்து முடிக்க வேண்டும். அங்கே ஒரு மெல்லிய பிசிறு நின்றால் வாயு ஒரு பக்கமாகக் கசிந்து குண்டைத் தள்ளிவிடும். பல நாடுகளின் சட்டம் பேரலுக்குக் குறைந்தபட்ச நீளம் வைத்திருக்கிறது. அதைப் பார்க்காமல் ரம்பத்தைத் தொடாதீர்கள்.

பள்ளம் வெட்டிய பேரல் பற்றி ஒரு குழப்பம் நிலவுகிறது. பள்ளம் வெட்டினால் பேரல் விறைப்பாகும் என்பார்கள். ஆகாது. அதே வெளிவிட்டமுள்ள முழுப் பேரலை விட விறைப்பு குறைவுதான். அதே எடையுள்ள ஒல்லிப் பேரலோடு ஒப்பிட்டால் மட்டுமே அது விறைப்பு. ஆலையிலேயே பள்ளம் வெட்டி வந்ததை வாங்குங்கள். உள்ளே அழுத்தி வரி (குண்டைச் சுழற்றும் கோடுகள்) போட்ட பேரலில் பிற்பாடு பள்ளம் வெட்டினால் உள்ளே தேங்கிய இறுக்கம் அவிழ்ந்து துளையின் அளவே மாறக்கூடும். மெல்லிய எஃகுக் குழலின் மேல் கார்பன் சுற்றிய பேரல் விறைப்பாக இருக்கும், ஆனால் எடையில் மிக மெல்லிய எஃகுப் பேரலைத் தோற்கடிக்காது.

எந்தப் பேரலை மாற்றினாலும் ஹெட்ஸ்பேஸ் (மூடிய போல்ட்டின் முகப்புக்கும் தோட்டா சேம்பரில் தங்கும் இடத்துக்கும் உள்ள தூரம்) அளக்காமல் ஒரு தோட்டாகூடச் சுடக் கூடாது. குறைந்தபட்ச அளவுள்ள கோ கேஜில் போல்ட் மூட வேண்டும், அதைவிட நீளமான நோ-கோ கேஜில் மூடக் கூடாது. இது உரிமம் பெற்ற துப்பாக்கித் தொழிலாளி செய்ய வேண்டிய வேலை.

தொடக் கூடாதவை

.308 வின்செஸ்டருக்குச் சர்வதேச அளவுகோல் அனுமதிக்கும் உச்ச அழுத்தம் 4150 பார். அந்த அழுத்தத்தை உங்கள் முகத்துக்கு ஒரு சாண் முன்னால் தாங்கி நிற்பவை போல்ட்டின் பூட்டுக் காதுகளும் ரிசீவரின் முன்வளையமும். இவற்றில் ராவுவது, துளைப்பது, குடைவது எதுவும் வேண்டாம். போல்ட் உடலில் பள்ளம் வெட்டினால் கிடைப்பது சில பத்து கிராம். தோள்வாரை மாற்றினால் அதைவிட அதிகம் குறையும்.

ஃபயரிங் பின்னைத் தள்ளும் சுருளில் ஒரு சுற்று வெட்டி 'லேசாக்குவது' இன்னும் மோசம். பிரைமரில் (தோட்டா அடியிலுள்ள பற்றவைப்பானில்) குழி ஆழமாக விழாது. குளிரில் எண்ணெய் கெட்டியானால் வெடிக்காமல் 'கிளிக்' மட்டும் கேட்கும். அப்படிக் கேட்டால் வாயைப் பாதுகாப்பான திசையிலேயே வைத்து 30 விநாடி முதல் ஒரு நிமிடம் வரை காத்திருங்கள், பிறகே போல்ட்டைத் திறக்க வேண்டும். தாமதித்து வெடித்தால் கை போய்விடும்.

குறைந்த எடை எங்கே திரும்பி வருகிறது

பின்னுதையில். 150 கிரெய்ன் (9.7 கிராம்) குண்டும் சுமார் 45 கிரெய்ன் (2.9 கிராம்) மருந்தும் உள்ள .308 தோட்டாவின் உந்தம் ஏறக்குறைய 12 கிலோகிராம்-மீட்டர்/விநாடி. 4 கிலோ ரைஃபிள் விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் தோளுக்கு வரும், ஆற்றல் 18 ஜூல். 3 கிலோ என்றால் 4 மீட்டர், 24 ஜூல். எடை கால்பங்கு குறைய, உதை மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. நாம் தொடங்கிய 5.27 கிலோவில் அது 14 ஜூலுக்கும் குறைவு.

உதை கூடினால் சுடுபவர் அறியாமலே கண் சிமிட்டுவார், டிரிகரைப் பிடுங்குவார். ஸ்கோப்பின் கண் இடைவெளி 90 மி.மீ.க்குக் குறைவாகவும் கட்டை குட்டையாகவும் இருந்தால் ஸ்கோப் விளிம்பு புருவத்தைப் பிறைபோலக் கிழிக்கும். மேல்நோக்கிய சரிவில் படுத்துச் சுடும்போது தலை முன்னே நகர்வதால் இது அடிக்கடி நடக்கிறது. 25 மி.மீ. தடிமனுள்ள மென்மையான ரப்பர் பேட் எடையைக் கொஞ்சம் கூட்டும். அந்த எடையைத் தயங்காமல் சேருங்கள். பேரல் வாயில் பொருத்தும் மசில் பிரேக் உதையைக் குறைக்கும், ஆனால் சத்தத்தைச் சுடுபவர் பக்கமே திருப்பும். ரைஃபிள் வெடியோசை 140 டெசிபலைத் தாண்டுவது. ஒரே வெடியில் செவி நிரந்தரமாகக் கெடலாம். பிரேக் வைத்தால் காதடைப்பும் காதுமூடியும் இரண்டும் சேர்த்தே அணிய வேண்டும்.

வரலாற்றில் இதற்கு ஒரு சாட்சி உண்டு. காட்டுப் போருக்காக 1944இல் பிரிட்டன் கொண்டுவந்த லீ என்ஃபீல்டு எண் 5, 'ஜங்கிள் கார்பைன்'. நான்கு கிலோவுக்குச் சற்று மேலிருந்த எண் 4 ரைஃபிளின் பேரலைக் குட்டையாக்கி, பேரலிலும் ரிசீவரிலும் உலோகத்தைக் குடைந்தெடுத்து 3.2 கிலோவுக்கு இறக்கினார்கள். கடும் உதை, அதற்கென வைத்த ரப்பர் பேடோ குறுகலாக இருந்து தோளைக் குத்தியது, வாய்த்தீயை மறைக்கத் தனிக் கூம்பு. இவற்றோடு ஜீரோ நிலைக்கவில்லை என்ற புகாரும் சேர்ந்தது. 1947இல் உற்பத்தி நின்றது.

விளையாட்டிலும் எடை ஒருவழிப் பாதையாக இல்லை. பையத்லானில் ரைஃபிளை முதுகில் சுமந்தபடி பனிச்சறுக்கில் ஓட வேண்டும், அங்கே ஒவ்வொரு கிராமும் உடம்பில் தெரியும். இருந்தும் ரைஃபிள் 3.5 கிலோவுக்குக் குறையக் கூடாது என்பது விதி. நின்ற இடத்தில் சுடும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளிலோ 5.5 கிலோ என்ற மேல்வரம்பு இருக்கிறது.

எடை குறைந்தபின் சமநிலையைப் பாருங்கள். காலி ரைஃபிளை முன் ஆக்‌ஷன் திருகின் கீழே ஒரு விரலில் தாங்குங்கள். கட்டையை மட்டும் லேசாக்கியிருந்தால் வாய் தொங்கும். பேரலை மட்டும் மெலிய வைத்திருந்தால் வாய் மேலே எழும், குறி பார்க்கையில் நாடித் துடிப்புக்கெல்லாம் ஆடும். வாயிலிருக்கும் 100 கிராமும் ரிசீவர் பக்கத்து 100 கிராமும் தராசில் ஒன்று, கையில் ஒன்றல்ல. அதனால் கட்டையை மாற்றிவிட்டு ஒரு மாதம் சுட்டுப் பாருங்கள். அதன்பிறகும் வாய் கனம் என்று தோன்றினால் அப்போது பேரலைப் பற்றிப் பேசலாம்.

டிரிகரும் இதோடு சேர்ந்தது. 3 கிலோ ரைஃபிளில் 2 கிலோ இழுவையுள்ள டிரிகர் இருந்தால், விரல் இழுக்கும்போது ரைஃபிளும் கூடவே நகரும். ஒன்று, ஒன்றேகால் கிலோவுக்குக் குறைத்துக்கொள்ளலாம், அந்த டிரிகர் அதற்கென வடிவமைக்கப்பட்டிருந்தால் மட்டும். குறைத்தபின் காலி சேம்பரில் போல்ட்டைப் பத்து முறை வேகமாக அடித்து மூடுங்கள். சேஃப்டியைப் போட்டு டிரிகரை அழுத்தி விட்டு, பிறகு சேஃப்டியை எடுங்கள். ஃபயரிங் பின் ஒரு முறை தானாக விழுந்தாலும் அந்த ரைஃபிள் தோட்டாவைப் பார்க்கக் கூடாது, நேரே பணிமேடைக்குத் திரும்ப வேண்டும்.