பாராகேங்லியோமா: சொல்லும் தமிழும்

தலை, கழுத்துப் பகுதியில் பரம்பரையாகத் தோன்றும் கட்டிகளுள் பாராகேங்லியோமா முக்கியமானது. இச்சொல் 'பாரா', 'கேங்லியான்', 'ஓமா' என்னும் மூன்று கிரேக்கக் கூறுகளால் ஆனது. பாரா என்றால் பக்கம். ஓமா என்பது மருத்துவத்தில் கட்டியைக் குறிக்கும் ஈறு. கேங்லியான் தொடக்கத்தில் தோலடியில் முடிச்சுப்போல் திரளும் வீக்கத்தையே சுட்டியது. நரம்பின் புடைத்த பகுதிக்கு அதை வழங்கியவர் பண்டைய கிரேக்க மருத்துவர் காலன் (Galen). மணிக்கட்டில் எழும் நீர்க்கட்டியை மருத்துவர்கள் இன்றும் கேங்லியான் என்றே சொல்வது அப்பழம்பொருளின் எச்சம். நரம்புக்கணுக்களை ஒட்டி வளர்ந்தும் நரம்பணுக்களாகாத திசுத்திரள்களுக்கு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாராகேங்லியான் எனப் பெயரிட்டவர் பிராக் நகரின் திசுவியலாளர் ஆல்ஃபிரட் கோன்.

கரும்பின் கணுவைப்போல் நரம்பு புடைத்திருக்கும் இடம் என்பதால் 'நரம்புக்கணு' பொருத்தமான சொல். ஆகவே 'பக்க நரம்புக்கணுக் கட்டி' எனலாம். கட்டிக்குப் பதிலாகக் 'கழலை' என்னும் நல்ல சொல் இருப்பினும், முன்கழுத்துக் கழலை என்பது தைராய்டு வீக்கத்துக்கு நிலைத்துவிட்டதால், கழுத்தில் வரும் இந்நோய்க்கு அது குழப்பம் தரும். பெரும்பாலானவை மெல்ல வளர்பவை, பிற உறுப்புகளுக்குப் பரவாதவை என்பதால், எடுத்த எடுப்பிலேயே 'புற்றுநோய்' என்று எழுதுவதும் தவறு.

இவை அடிக்கடி தோன்றுமிடம், கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் கவட்டில் அரிசி மணியளவே இருந்து, இரத்தத்தின் ஆக்சிஜன் குறைவை உணரும் கரோட்டிட் உறுப்பு. 2000இல் கண்டறியப்பட்ட காரண மரபணுக்களுள் ஒன்றான எஸ்டிஎச்டி (SDHD), 11ஆம் குரோமோசோமில் உள்ளது; செல்லின் ஆற்றல் ஆலையான மைட்டோகாண்ட்ரியாவில் சக்சினேட் என்னும் பொருளை வேறொன்றாக மாற்றும் நொதியின் ஒரு பகுதியை அது உருவாக்குகிறது. அது பழுதடைந்தால் சக்சினேட் தேங்கி, ஆக்சிஜன் போதிய அளவு இருக்கும்போதும் இல்லாததுபோல் செல் நடந்துகொள்கிறது. ஆக்சிஜனை அளக்கவே அமைந்த உறுப்பு இப்படி ஏமாறுவதுதான் இந்நோயின் விந்தை.

அதைவிட விந்தையானது மரபுவழி. எஸ்டிஎச்டி பிறழ்வு தந்தையிடமிருந்து வந்தால் கட்டி தோன்றலாம். தாயிடமிருந்து வந்தால் பெரும்பாலும் தோன்றாது. கட்டியுள்ள பெண்ணின் மகன் பிறழ்வைப் பெற்றும் நலமாக வாழலாம். அவன் பிள்ளைகளிடம் நோய் மீண்டும் தலைகாட்டலாம். நெதர்லாந்துக் குடும்பங்களில்தான் இவ்வொழுங்கு முதலில் தெளிவாகப் புலப்பட்டது. இதே நொதியின் மற்றொரு பகுதிக்குரிய எஸ்டிஎச்பி மரபணுவுக்கு இத்தடை இல்லை. ஆனால் அதனால் வரும் கட்டிகள் பரவும் வாய்ப்பு மிகுதி.

'பரம்பரை' என்பதைப் 'பிறவி' என்று மாற்றி எழுதுவோர் உண்டு. பிறக்கும்போது உடன் வருவது பிறழ்வே. கட்டியோ பெரும்பாலும் வளர்ந்த பின்னரே வெளிப்படுகிறது. பிறழ்வை (mutation) 'திடீர் மாற்றம்' என்னும் பாடநூல் வழக்கும் இங்கே ஒட்டவில்லை. நெதர்லாந்துக் குடும்பங்கள் பலவும் ஒரே மூதாதையிடமிருந்து தலைமுறைகள் பல கடந்து பெற்ற ஒன்றில் திடீரென்பது ஏது? 'மரபணுப் பிறழ்வு' என்பதே போதும்.