மேடேறி நிற்கும் ரயில்: லண்டன் சுரங்கத்தின் வெப்பக் கணக்கு

லண்டன் ஈஸ்ட் ஹாமில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "வேலைக்குப் போகும்போது டிஸ்ட்ரிக்ட் லைனில் ஏறி, மைல் எண்டில் சென்ட்ரல் லைனுக்கு மாறுகிறேன். ஒரே பிளாட்பாரத்தின் இரண்டு பக்கம், நாலு எட்டு வைத்தால் போதும். கோடையில் இந்தப் பக்கத்து ரயில் ஜில்லென்று இருக்கிறது, அந்தப் பக்கத்து ரயிலில் புழுக்கம் தாங்கவில்லை. வெளியே 24 டிகிரிதான் இருக்கும். கூட்டம்தான் காரணமா?"

கூட்டத்துக்கு இதில் பங்கு மிகக் குறைவு. சும்மா இருக்கும் மனித உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளிவிடும். ஒரு ரயிலில் எண்ணூறு பேர் என்றால் 80 கிலோவாட். கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் லண்டன் சுரங்கங்களில் சேரும் வெப்பம் எங்கிருந்தெல்லாம் வருகிறது என்று பிரித்துப் பார்த்த கணக்கில், பயணிகளின் பங்கு வெறும் 2 சதவீதம். சக்கரம், பேரிங் போன்றவற்றின் உராய்வு 22 சதவீதம். முதலிடம் பிரேக்குக்கு, ஏறக்குறைய 38 சதவீதம்.

பள்ளியில் படித்த இயக்க ஆற்றல்தான் இது. நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். ஆட்களோடு சேர்த்து 250 டன் எடையுள்ள ரயில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் சுமார் 35 மெகாஜூல் வரும். நூறு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். ரயில் நிற்க வேண்டுமென்றால் இந்த ஆற்றல் வேறு எதுவாகவாவது மாறியாக வேண்டும். பிரேக் கட்டை அதை வெப்பமாக மாற்றுகிறது. ஒரு நிலையத்தில் ஒரு ரயில் ஒரு முறை நிற்பதற்கே இவ்வளவு. விக்டோரியா லைனில் உச்ச நேரத்தில் மணிக்கு 36 ரயில்கள் ஒரே திசையில் வந்து நின்று கிளம்புகின்றன.

சரி, அந்த வெப்பம் எங்கே போகிறது? பெரும்பகுதி சுரங்கச் சுவருக்குள் போகிறது. சுவருக்குப் பின்னால் இருப்பது லண்டன் களிமண். தோண்டுவதற்கு அதைப் போல ஒத்துழைக்கும் மண் கிடையாது. வெட்டியதும் சரியாமல் நிற்கும், தண்ணீரை எளிதில் விடாது. நகரத்தின் ஆழ்சுரங்கங்களில் பெரும்பாலானவை தேம்ஸுக்கு வடக்கே அமைந்ததற்கு இந்தக் களிமண்ணும் ஒரு முக்கியக் காரணம். ஆனால் தண்ணீர் ஊடுருவாத மண்ணில், ஓடும் நிலத்தடி நீர் வெப்பத்தைச் சுமந்து செல்லவும் வழியில்லை. துகளுக்குத் துகள் கடத்தித்தான் போக வேண்டும். அப்படிப் பரவும் வெப்பத்துக்கு ஒரு குணம் உண்டு: இரு மடங்கு தூரம் போக நான்கு மடங்கு காலம் ஆகும், பத்து மடங்கு தூரத்துக்கு நூறு மடங்கு காலம்.

1900 வாக்கில் அந்தக் களிமண்ணின் வெப்பநிலை சுமார் 14 டிகிரி. நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் போல வருடம் முழுக்க ஏறக்குறைய அதே அளவுதான். ஆழத்தில் இருப்பதற்கு மேலே நடக்கும் கோடையும் குளிரும் தெரியாது. தொடக்க காலத்தில் "வெயிலுக்குக் குளுமையான இடம்" என்று சுரங்க ரயிலுக்கு விளம்பரமே செய்தார்கள், அது அப்போது உண்மையும்கூட. அன்றிலிருந்து நூறாண்டுக்கும் மேலாக ஒவ்வொரு பிரேக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணைச் சூடேற்றியது. இன்று சுரங்கத்தை ஒட்டிய களிமண் 19 முதல் 26 டிகிரி வரை இருக்கிறது. வெப்பத்தை இழுத்துக்கொண்டிருந்த சுவர் இப்போது மந்தமாகிவிட்டது. சென்ட்ரல் லைனில் தெரிவது இந்த வருடத்துக் கோடையின் சூடு மட்டும் இல்லை, அதில் நம் கொள்ளுத்தாத்தா காலத்துப் பிரேக்குகளின் சூடும் சேர்ந்திருக்கிறது.

டிஸ்ட்ரிக்ட், சர்க்கிள், மெட்ரோபாலிட்டன் போன்ற லைன்களின் கதை வேறு. அவை தெருவை வெட்டிப் பள்ளம் எடுத்து, தண்டவாளம் போட்டு, மேலே மூடியவை. நீராவி எஞ்சின்கள் ஓடிய காலத்தவை என்பதால் புகை வெளியேற இடையிடையே திறப்புகளும் விட்டார்கள். அகலமான பாதை, பெரிய ரயில், ஏசி வைக்க இடம், ஏசி வெளித்தள்ளும் வெப்பம் போக வழி, எல்லாம் இருக்கிறது. 2010 முதல் அங்கே ஏசி ரயில்கள் ஓடுகின்றன. சென்ட்ரல் லைனின் குழாயோ சுமார் மூன்றரை மீட்டர் விட்டம்தான். ரயில் அதை ஏறக்குறைய அடைத்துக்கொண்டு போகிறது. ஏசி என்பது வெப்பத்தை உள்ளிருந்து எடுத்து வெளியே கொட்டும் கருவி. இங்கே "வெளியே" என்பதும் அதே குழாய்தான். 2022இல் திறந்த எலிசபெத் லைனின் சுரங்கம் 6.2 மீட்டர் விட்டம், ரயிலிலும் ஏசி உண்டு. எனவே கேள்வி கேட்ட நண்பர் வெயில் நாட்களில் மைல் எண்டில் இறங்காமல் இன்னும் இரண்டு நிறுத்தம் தள்ளி ஒயிட்சேப்பலில் எலிசபெத் லைனுக்கு மாறிப் பார்க்கலாம். டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு பக்கம் போகிறவருக்கு நேரமும் பெரிதாக வீணாகாது.

இனி நான் சொல்ல ஆசைப்பட்டு உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். பிரேக் பிரச்சினைக்கு 1900லேயே ஓர் அருமையான பதில் கண்டுபிடித்துக் கட்டியும் வைத்துவிட்டார்கள். அதுவும் நண்பர் குறை சொல்லும் அதே சென்ட்ரல் லைனில்.

அந்த ஆண்டு ஜூலை 30 அன்று ஷெப்பர்ட்ஸ் புஷ்ஷிலிருந்து பாங்க் வரை சென்ட்ரல் லண்டன் ரயில்வே பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. எங்கே போனாலும் இரண்டு பென்ஸ் கட்டணம். அந்தப் பாதையின் நீளவெட்டுப் படத்தைப் பார்த்தால் தண்டவாளம் நேர்கோடாக இருக்காது. ஒவ்வொரு நிலையமும் சின்ன மேட்டின் மேல் உட்கார்ந்திருக்கும். ரயில் நிலையத்தை நெருங்கும்போது ஏற்றம், விட்டுக் கிளம்பும்போது இறக்கம்.

என்ன நடக்கிறது பாருங்கள். ஓடி வரும் ரயில் மேடேறுகிறது. ஏற ஏற வேகம் தானாகக் குறைகிறது. அதன் இயக்க ஆற்றலில் ஒரு பங்கு, உயரத்தால் கிடைக்கும் நிலை ஆற்றலாக மாறிவிட்டது. இந்த மாற்றத்தில் வெப்பம் பிறப்பதே இல்லை. கதவு திறக்கிறது, ஆட்கள் இறங்குகிறார்கள், ஏறுகிறார்கள். அவ்வளவு நேரமும் அந்த ஆற்றல் 250 டன் ரயிலின் உயரத்தில் பத்திரமாக இருக்கிறது. பாட்டரி இல்லை, கம்பி இல்லை, பழுதாக எதுவும் இல்லை. கதவு மூடி ரயில் நகர்ந்ததும் இறக்கம் அதைத் திருப்பிக் கொடுக்கிறது.

எவ்வளவு என்று பார்க்கலாம். மேட்டின் உயரம் 3 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோ எடைக்கு 9.8ஐ 3ஆல் பெருக்கி சுமார் 29 ஜூல். 60 கிலோமீட்டர் வேகத்தில் அதே ஒரு கிலோவின் இயக்க ஆற்றல் சுமார் 139 ஜூல். ஐந்தில் ஒரு பங்கு, மண்மேட்டின் தயவில் மிச்சம். எடை இரண்டு பக்கமும் அடிபட்டுப் போவதால், ரயில் காலியாக வந்தாலும் நெரிசலோடு வந்தாலும் இந்த விகிதம் மாறாது. பிரேக் கட்டைக்குத் தேய்மானம் குறைவு, கிளம்பும்போது மோட்டாருக்குச் சுமை குறைவு. நிலையம் அந்த அளவுக்குத் தரைக்கு அருகில் வருவதால் லிஃப்ட் தூக்க வேண்டிய உயரமும் குறைவு.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது மேட்டின் வடிவம். வரும் பக்கம் 60 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம், போகும் பக்கம் 30 மீட்டருக்கு 1 மீட்டர் இறக்கம். இரண்டு பக்கமும் ஒரே சரிவு இல்லை. காரணம் இருக்கிறது. நிற்கும் வேலையைப் பிரேக் நன்றாகவே செய்யும், அதற்கு மென்மையான உதவி போதும். 1900இன் மின் எஞ்சினுக்குக் கஷ்டமானது நின்ற வண்டியைக் கிளப்புவதுதான். 30க்கு 1 சரிவில் புவியீர்ப்பே நொடிக்கு நொடி மூன்றில் ஒரு மீட்டர் வீதம் வேகம் கூட்டிக் கொடுக்கும். ஏற்றத்தில் கிடைத்த உதவியைப் போல இரு மடங்கு.

ஆனால் அதே தண்டவாளத்தில் எதிர்த்திசை ரயிலும் போனால் இந்த வடிவம் உதவாதே? போகவே போகாது. பொறியாளர் ஜேம்ஸ் ஹென்றி கிரேட்ஹெட் மேம்படுத்திய, குடையும்போது மண் சரியாமல் தாங்கும் கேடயக் கருவியால் களிமண்ணில் வட்டக் குழாய் குடைந்தபோது, கிழக்கே போக ஒன்று, மேற்கே போக ஒன்று என்று தனித்தனியாகக் குடைந்தார்கள். ஒரு குழாய்க்கு ஒரே திசை. எனவே ஒவ்வொரு குழாயிலும் மேட்டைத் தங்கள் விருப்பப்படி கோணலாக அமைக்க முடிந்தது. குடைகிறவரின் வசதிக்காக வந்த ஏற்பாட்டில் இயற்பியலுக்கு இடம் கண்ட அந்தப் பொறியாளர்களை எண்ணி எண்ணி வியக்கிறேன்.

மேட்டை இன்னும் உயர்த்தினால் இன்னும் மிச்சமாகுமே என்று தோன்றும். அங்கே ஒரு முட்டுக்கட்டை. முன்னால் போன ரயில் நிலையத்தைக் காலி செய்யவில்லை என்றால், பின்னால் வருவது ஏற்றத்தின் நடுவில் சிவப்பு விளக்குக்கு நிற்க வேண்டி வரும். பிறகு முழுச் சுமையோடு மேல்நோக்கிக் கிளம்ப வேண்டும். இரும்புச் சக்கரத்துக்கு இரும்புத் தண்டவாளத்தில் பிடிமானம் குறைவு, அதனால் சரிவுக்கு ஓர் எல்லை உண்டு. அப்படி நடுவழியில் நின்ற ரயிலுக்கு மேட்டின் லாபமும் குறைந்துவிடும். ரயில்கள் தாளம் தப்பாமல் வந்தால்தான் இந்த ஏற்பாடு முழுப்பலன் தரும். 1968இல் திறந்த விக்டோரியா லைனிலும் இதே மேட்டு நிலையங்களை அமைத்தார்கள். ரயிலைத் தானியங்கி முறையில் ஓட்டும் லைன் அது என்பதால் பொருத்தம் இன்னும் நன்றாக அமைந்தது.

30க்கு 1 என்பது கோணத்தில் 2 டிகிரிகூட இல்லை. நின்றுகொண்டிருக்கும் பயணிக்குத் தெரியாது. தினமும் லட்சக்கணக்கானோர் ஏறி இறங்கும் மேடு, ஏறுகிறோம் என்று யாருக்கும் படுவதில்லை.

இப்போதைய ரயில்களில் மீளாக்கப் பிரேக்கும் இருக்கிறது. மோட்டாரையே ஜெனரேட்டராக்கி மின்சாரத்தைத் தண்டவாளத்துக்குத் திருப்பி அனுப்பும். அதை வாங்கிக்கொள்ள அந்த நேரத்தில் பக்கத்தில் வேறொரு ரயில் கிளம்ப வேண்டும், இல்லையென்றால் பழையபடி வெப்பம்தான். 2015இல் விக்டோரியா லைனின் ஒரு துணைமின் நிலையத்தில் அந்த மின்சாரத்தைப் பிடித்துப் பார்த்தார்கள். ஹோல்பர்ன் போன்ற பெரிய நிலையத்தை வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் இயக்கும் அளவுக்குக் கிடைத்தது.

ஏற்கெனவே மண்ணில் சேர்ந்துவிட்ட வெப்பத்துக்கு என்ன வழி? 2003இல் அப்போதைய மேயர் கென் லிவிங்ஸ்டன், சுரங்கத்தைக் குளிர்விக்க வழி சொல்பவருக்கு ஒரு லட்சம் பவுண்டு பரிசு அறிவித்தார். 2005இல் யாரும் வெல்லாமலேயே போட்டி முடிந்தது. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. நூறு வருடமாக ஊறிய வெப்பத்தை ஒரே யோசனை வெளியேற்றிவிடாது. மண்ணின் வெப்பநிலையை ஆண்டுக்கணக்கில் அளப்பது, காற்றோட்டத்தைக் கணிப்பது, ஒவ்வொரு நிலையமாகச் சோதிப்பது என்று பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை இது. பரிசுத்தொகைக்குக் கிடைக்கும் தலைப்புச் செய்தி, பத்து வருட அளவீட்டுக்கான சம்பளத்துக்குக் கிடைப்பதில்லை. அரசுகள் பணம் போட வேண்டியது இரண்டாவதில்தான் என்பது என் உறுதியான கருத்து.

அப்படி ஆற அமரச் செய்த வேலைகள்தான் பலனும் கொடுத்திருக்கின்றன. விக்டோரியா நிலையத்தில் சுரங்கத்துக்குள் கசியும் தண்ணீரையே குளிர்விக்கப் பயன்படுத்திப் பார்த்தார்கள். கிரீன் பார்க்கில் ஆழ்துளைக் கிணற்று நீரை எடுத்தார்கள். இஸ்லிங்டனில் 1922இல் மூடிய சிட்டி ரோடு நிலையத்தின் காற்றுத்தண்டில் (காற்று போய்வரும் செங்குத்து வழி) பெரிய விசிறி வைத்து, நார்தர்ன் லைனின் வெதுவெதுப்பான காற்றை இழுக்கிறார்கள். வெப்ப பம்பு அந்தச் சூட்டைக் கொண்டு தண்ணீரைக் காய்ச்சி, குழாய் வழியாக 1,350க்கும் மேற்பட்ட வீடுகளுக்கும் ஒரு பள்ளிக்கும் அனுப்புகிறது. 2020இல் தொடங்கியது. கோடையில் அதே விசிறியை எதிர்ப்பக்கம் சுற்றவிட்டுச் சுரங்கத்துக்குள் வெளிக்காற்றை அனுப்பலாம். பாங்க் நிலையத்துக்கு மேலே கார்ன்ஹில் தெருவில் கிரேட்ஹெட்டின் சிலை இருக்கிறது. அதன் பீடமும் ஒரு காற்றுத்தண்டுதான், கீழே இருக்கும் நிலையம் அதன் வழியாக மூச்சு விடுகிறது.

ஆழக் குழாயில் ஏசி முடியாது என்ற நிலையும் மாறப் போகிறது. பிக்கடிலி லைனுக்காக 2018இல் சீமென்ஸிடம் 94 ரயில்கள் கேட்டிருக்கிறார்கள். அடுத்தடுத்த பெட்டிகள் ஒரே சக்கரத்தொகுதியைப் பகிர்ந்துகொள்வதால் எடை குறைகிறது, தரைக்கு அடியில் ஏசிக்கு இடம் கிடைக்கிறது. எடை குறைந்தால் நிறுத்த வேண்டிய ஆற்றல் குறையும். மீளாக்கப் பிரேக்கும் நன்றாக வேலை செய்தால், ஏசி கொட்டும் வெப்பத்துக்கும் குழாயில் இடம் இருக்கும் என்பது கணக்கு. பேக்கர்லூவுக்கும் சென்ட்ரலுக்கும் பிற்பாடு இதே வகை ரயில் வாங்க ஒப்பந்தத்தில் வழி வைத்திருக்கிறார்கள். அதற்குப் பணம் ஒதுக்கியாக வேண்டும்.