"ரெண்டாவது தானே டாக்டர், எல்லாம் தெரியும்"

ரெண்டாவது தடவை உண்டாகி வர்றவங்கள ஓபில பாத்த உடனே கண்டுபிடிச்சிரலாம். ஃபைல் கசங்கி இருக்கும், ரெண்டு பக்கம் பெரியவன் பேனாவால கிறுக்கி வச்சிருப்பான், இடுப்புல ஒண்ணு வயித்துல ஒண்ணுன்னு மூச்சு வாங்கிட்டே வந்து உக்காருவாங்க. முதல் பிரசவத்துக்கு வந்தப்போ நோட்டு போட்டு எழுதிட்டு வந்து முப்பது கேள்வி கேட்ட அதே ஆளுங்கதான். இப்போ ஏதாவது சந்தேகம் இருக்காம்மான்னு கேட்டா "ரெண்டாவது தானே டாக்டர், எல்லாம் தெரியும்"னு சொல்லிட்டு, பிபி மெஷின் டியூப பிடிச்சு இழுக்குற பிள்ளைய அடக்குறதுலயே மீதி நேரம் போயிடும்.

தெரியும்தான், ஒத்துக்கறேன். வலி எப்படி இருக்கும்னு தெரியும், பால் குடுக்கத் தெரியும், ராத்திரி முழிச்சுப் பழக்கம். ஆனா போன தடவை வீட்ல இல்லாத ஒரு ஆள் இந்த தடவை இருக்கே. அது ஹேண்ட்பேக்க நோண்டும், சளியும் எச்சிலுமா வந்து வாயோட வாய் வச்சு முத்தம் குடுக்கும், நடுராத்திரில வயித்து மேல கால் போடும். இதுக்கெல்லாம் போன கர்ப்பத்துல யாரும் பாடம் எடுத்திருக்க மாட்டாங்க. என் பிராக்டிஸ்ல ரெண்டாவது கர்ப்பத்துல என்னைய பதற வச்ச விஷயங்கள்ல பாதி வீட்டுக்குள்ள நடந்ததுதான், அதனாலதான் இத உக்காந்து எழுதறேன்.

ஒருநாள் சாயங்காலம் கிளம்புற நேரத்துல ஒரு போன். அவங்களுக்கு ஏழாவது மாசம், பெரிய பொண்ணுக்கு ரெண்டரை வயசு. "டாக்டர், எனக்கு ஒண்ணும் இல்ல, பாப்பா என் அயர்ன் மாத்திரைய எடுத்து சாப்பிட்டா போல, நாக்கெல்லாம் செவப்பா இருக்கு, நல்லா விளையாடிட்டுதான் இருக்கா, சத்து மாத்திரை தானே, ஒண்ணும் ஆகாதுல்ல?" எத்தனை மாத்திரைன்னு கேட்டேன். அட்டையில ஏழு இடம் காலி, அதுல இவங்க சாப்பிட்டது எத்தனை, அவ எடுத்தது எத்தனைன்னு இவங்களுக்கே ஞாபகம் இல்ல. வாந்தி எடுக்க வைக்கறேன்னு விரல விடாதீங்க, இப்பவே எமர்ஜென்சிக்கு கிளம்புங்க, அட்டைய கையோட எடுத்துட்டுப் போங்கன்னு சொல்லிட்டு போன வச்சேன், எனக்கு கை நடுங்கிச்சு.

ஏன்னா அது சத்து மாத்திரை பெரியவங்களுக்கு மட்டும்தான். சின்னப் பிள்ளைங்க உயிரையே எடுக்கக்கூடிய மாத்திரைகள்ல அயர்ன் ஒண்ணு. கணக்கு போட்டுப் பாருங்க: கர்ப்பிணிக்குக் குடுக்குற மாத்திரையில பொதுவா 60 மில்லிகிராம் இரும்பு இருக்கும், சிலதுல 100. பிள்ளையோட எடையில கிலோவுக்கு 20 மில்லிகிராம் போனாலே வயித்தப் புரட்ட ஆரம்பிக்கலாம், 60 தாண்டிட்டா ரொம்ப ஆபத்து. 12 கிலோ பிள்ளைன்னு வைங்க, 60 மில்லிகிராம் மாத்திரை நாலு போதும் உடம்பு படுத்த, 100 மில்லிகிராம் மாத்திரைன்னா ஏழு எட்டுலயே ஆபத்தான அளவு வந்துரும். ஒரு அட்டை கூட முழுசா தேவையில்ல.

இதுல இன்னொரு மோசம் என்னன்னா இது ஆள ஏமாத்தும். முதல் 6 மணி நேரத்துல வாந்தி, வயித்துப்போக்கு, சில நேரம் ரத்தமும் வரும். அப்புறம் எல்லாம் நின்னு பிள்ளை தெளிஞ்ச மாதிரி இருக்கும், நாமளும் அப்பாடான்னு இருப்போம், அந்த நேரத்துல உள்ள போன இரும்பு ஈரல்ல வேலைய காட்டிட்டு இருக்கும், மறுநாள் பிள்ளை துவண்டு போய் வரும். விஷத்துக்கெல்லாம் குடுக்குற கரித்தூள் இருக்கே, அது இரும்ப பிடிக்காது. அதனால ஆஸ்பத்திரில எக்ஸ்ரே எடுத்து வயித்துல மாத்திரை தெரியுதான்னு பாப்பாங்க, ரத்தத்துல இரும்பு அளவு பாப்பாங்க, தேவைப்பட்டா மாத்து மருந்த ட்ரிப்ல ஏத்துவாங்க. சீக்கிரம் போனா காப்பாத்தலாம், அதான் விஷயம்.

அந்தப் பொண்ணு தப்பிச்சா. மறுநாள் சோபா இடுக்குல அஞ்சு மாத்திரை கிடைச்சுதாம், மேல இருந்த இனிப்புக் கோட்டிங்க மட்டும் நக்கிட்டு, உள்ள கசந்ததும் துப்பி சோபாவுக்குள்ள சொருகி வச்சிருக்கா!

ரெண்டாவது கர்ப்பம்னா வீட்ல இந்த மாத்திரை கொஞ்சம் அதிகமாவே இருக்கும். முதல் குழந்தை பிறந்து குறைஞ்சது 24 மாசமாவது கழிச்சு அடுத்ததுக்கு முயற்சி பண்ணுங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, ஆனா அவ்ளோ இடைவெளி இல்லாம வர்றவங்க நிறைய பேர், உடம்புல இரும்பு சேர்றதுக்குள்ள அடுத்தது வந்துரும், ஹீமோகுளோபின் 11க்குக் கீழ நிக்கும், நாங்களும் எழுதித் தள்ளுவோம். அதனால ஹேண்ட்பேக்ல வைக்காதீங்க, தலையணைப் பக்கம், டைனிங் டேபிள், நாற்காலி போட்டு ஏறினா எட்டுற அலமாரி இதெல்லாமும் வேண்டாம். பூட்டுற இடம் ஒண்ணு பாத்துக்கங்க. பிள்ளை முன்னாடி மாத்திரை போடாதீங்க, நாம செய்யறத தானே அதுவும் செய்யும். "அம்மா மிட்டாய் சாப்பிடறேன்"னு விளையாட்டுக்குக் கூட சொல்லாதீங்க.

அடுத்தது அசைவு. ரெண்டாவது தடவை குழந்தை அசையறது சீக்கிரமே தெரிஞ்சிரும், முதல் தடவை 20 வாரம் வாக்குல தெரிஞ்சவங்களுக்கு இப்போ 16 வாரத்துலயே கூட தெரியும். தெரியறது வேற, கவனிக்கறது வேற. நேத்து நல்லா அசைஞ்சுதாம்மான்னு ஒருத்தங்ககிட்ட கேட்டேன், ரொம்ப நேரம் யோசிச்சாங்க. "எங்க டாக்டர் நேரம், அவன் பின்னாடியே ஓடிட்டு இருக்கேன், படுத்தா அடுத்த நிமிஷம் தூங்கிடறேன்." அவங்க மேல தப்பு சொல்ல எனக்கு மனசு வரல, அந்த அலைச்சல் எனக்கும் தெரியும். ஆனா 28 வாரத்துக்கு மேல ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பழக்கம் இருக்கும், எப்போ துள்ளும், எப்போ அடங்கும்னு. பெரியது தூங்கினதும் போன எடுக்காம கொஞ்ச நேரம் ஒருக்களிச்சுப் படுத்து கையை வயித்துல வச்சுப் பாருங்க. வழக்கத்த விட குறைஞ்ச மாதிரி இருந்தா அன்னைக்கே வாங்க, ராத்திரின்னாலும் வாங்க, மறுநாள் பிள்ளைய ஸ்கூல்ல விட்டுட்டு வர்றேன்னு தள்ளிப் போடாதீங்க. கடைசி மாசத்துல குழந்தை அசையறது குறையும்னு ஒரு பேச்சு இருக்கு பாருங்க, அது சுத்தப் பொய், கடைசி வரைக்கும் அசையணும்.

படுக்கற விஷயமும் இதோட சேந்ததுதான். 28 வாரத்துக்கு மேல தூங்கப் போகும்போது ஒருக்களிச்சுப் படுக்கணும், மல்லாக்கப் படுத்தா கர்ப்பப்பையோட கனம் பெரிய ரத்தக்குழாய அமுக்கும், குழந்தைக்குப் போற ரத்தம் குறையும். இது எல்லாருக்கும் தெரியும். ஆனா நடக்கறது என்ன, ஒரு பக்கம் பெரியவன், இன்னொரு பக்கம் சுவரு, அந்தப் பக்கம் திரும்பினா அவன் அழறான், இந்தப் பக்கம் திரும்பினா வயித்துல உதைக்கறான், கடைசில அம்மா மல்லாக்கவே தூங்கறாங்க. அப்பாவ நடுவுல படுக்க வைங்க. முதல் ஒரு வாரம் அழுகையா இருக்கும், அப்புறம் பழகிரும். நடுராத்திரில முழிப்பு வரும்போது மல்லாக்க இருந்தா பதற வேண்டாம், திரும்பிப் படுத்தா போதும்.

எச்சில் பத்தியும் சொல்லணும், யாரும் சொல்றதில்ல. சைட்டோமெகலோன்னு ஒரு வைரஸ், சின்னப் பிள்ளைங்களுக்கு வந்தா பெரும்பாலும் சளி கூட பிடிக்காது, ஆனா எச்சில்லயும் சிறுநீர்லயும் மாசக்கணக்கா வெளிய வந்துட்டே இருக்கும். அது கர்ப்பிணிக்கு வந்து வயித்துல இருக்கற குழந்தைக்குப் போனா காது கேக்காமப் போற வாய்ப்பு உண்டு. வீணாக்கக் கூடாதுன்னு பிள்ளை மிச்சம் வச்சத சாப்பிடறது, அதே ஸ்பூன வாயில வைக்கறது, கீழ விழுந்த சூப்பான நாம சப்பி சுத்தம் பண்ணிக் குடுக்கறது, இந்த மூணையும் டெலிவரி வரைக்கும் நிறுத்திருங்க. முத்தம் நெத்தில, உச்சந்தலைல குடுங்க. டயப்பர் மாத்தின பிறகு, மூக்கு துடைச்ச பிறகு சோப்பு போட்டு 20 செகண்ட் கை கழுவுங்க. அதுக்குன்னு பிள்ளைய தள்ளி வைக்கச் சொல்லல.

இன்னொரு தப்பு, அம்மா கர்ப்பமா இருக்காங்கன்னு பெரியவனோட தடுப்பூசிய தள்ளி வைக்கறது. தேவையே இல்ல, எம்எம்ஆரும் சின்னம்மை ஊசியும் கூட அவனுக்குத் தாராளமா போடலாம். பிறந்த குழந்தைக்குக் கக்குவான் இருமல் ரொம்ப ஆபத்து, அது பெரும்பாலும் வீட்ல இருக்கறவங்க மூலமாத்தான் வரும், அதனாலதான் உங்களுக்கும் 27லருந்து 36 வாரத்துக்குள்ள ஊசி போடச் சொல்றோம். போன பிரசவத்துல போட்டாச்சேன்னு கேப்பீங்க, ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் தனியா போடணும்.

பெரியவன தூக்கலாமா? ரத்தக்கசிவு, கர்ப்பப்பை வாய்ல தையல், நஞ்சுக்கொடி கீழ இறங்கி இருக்கறது, போன தடவை குறைப்பிரசவம், இப்படி எதுவும் இல்லன்னா தூக்கலாம், முழங்கால மடக்கி, உடம்போட ஒட்டி வச்சு. முடிஞ்ச வரைக்கும் நீங்க உக்காந்துட்டு அவன மடில ஏறச் சொல்லுங்க. எனக்குக் கோவம் வர்றது வேற விஷயத்துல. "அம்மா வயித்துல பாப்பா இருக்குடா, தூக்க முடியாது"ன்னு வீட்ல எல்லாரும் மாறி மாறி சொல்லிட்டே இருப்பாங்க. பொறக்கறதுக்கு முன்னாடியே அந்தக் குழந்தை அவனுக்கு எதிரி ஆகிடுச்சு, அப்புறம் பிறந்ததும் கிள்ளறான் கடிக்கறான்னு எங்ககிட்ட வர்றாங்க. "அம்மாவுக்கு முதுகு வலிக்குது, உக்காந்து கட்டிக்கலாம் வா"ன்னு சொன்னா என்ன கொறஞ்சிரும்?

தொட்டில், ரூம், ஸ்கூல் மாத்தறது, டாய்லெட் பழக்கறது எதுவானாலும் டேட்டுக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடி முடிச்சிருங்க, இல்லையா குழந்தை பிறந்து எல்லாம் அடங்கினதுக்கு அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுருங்க. எல்லாருக்கும் இத சொல்ற நான் என் வீட்ல என்ன பண்ணேன்? டெலிவரிக்கு ஒரு வாரம் முன்னாடி பெரியவன தொட்டில்ல இருந்து கட்டிலுக்கு மாத்தினேன். சின்னது வந்து அந்தத் தொட்டில்ல படுத்ததும் ராத்திரி ராத்திரி எந்திரிச்சு வந்து கம்பிய பிடிச்சிட்டு பேசாம நிப்பான். அழமாட்டான், சும்மா நிப்பான். டயப்பர மறந்திருந்தவன் மறுபடி ஒரு மாசம் படுக்கைய நனைச்சான்.

கடைசியா வலி வர்ற ராத்திரி. ரெண்டாவது பிரசவம் பெரும்பாலும் வேகமா நடக்கும், முதல் தடவை பன்னெண்டு மணி நேரம் ஆச்சுன்னா இந்த தடவையும் ஆகும்னு உக்காந்திருக்காதீங்க. பெரியவன பாத்துக்க ஆள் வரட்டும்னு வலியோட வீட்லயே காத்திருந்த ஒருத்தங்களுக்கு, கார விட்டு இறங்கும்போதே தலை தெரிஞ்சிருச்சு, ஸ்ட்ரெச்சர்லயே பிரசவம் பாத்தோம். அதனால ராத்திரி ரெண்டு மணிக்குக் கூப்பிட்டா வர்ற ஆள் யாரு, அவங்க போன் எடுக்கலன்னா அடுத்தது யாருன்னு 36 வாரத்துக்குள்ள முடிவு பண்ணி, அவங்ககிட்ட ஒரு சாவி குடுத்து வைங்க. அந்த ஆளோட பெரியவன் நீங்க இல்லாம ரெண்டு ராத்திரியாவது தூங்கிப் பழகி இருக்கணும். யாரும் வர முடியலன்னா அவனையும் தூக்கிட்டு வந்துருங்க, எங்க நர்ஸுங்க கைல இதுக்கு முன்னாடி எத்தனையோ பெரியவனுங்க தூங்கி இருக்காங்க.

ஆங், இன்னொண்ணு. ரெண்டாவது நாள் கட்டாயம் என்னைய கூப்பிடுவாங்க, பால் குடுக்கும்போது அடிவயிறு இழுத்துப் பிடிக்குது, பிரசவ வலி மாதிரியே இருக்குன்னு. கர்ப்பப்பை சுருங்கறதுதான், ஒவ்வொரு பிரசவத்துக்கும் கொஞ்சம் கூடும், ரெண்டு மூணு நாள்ல அடங்கிரும், மாத்திரை எழுதிக் குடுத்திருக்கேன் பாருங்கம்மான்னு சொல்லுவேன். "போன தடவை இப்படி இல்லையே டாக்டர்"னு வரும் பதில்.